பிடுங்க ஒரு நாள், காப்பாற்ற ஐந்து நாள்: வடசென்னையில் பல் மருத்துவம் எட்டாமல் போவது எப்படி?

வடசென்னையில் பல் மருத்துவரே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. திருவொற்றியூரில் தொடங்கிப் பெரம்பூர் வரை, பல் படம் போட்ட பெயர்ப்பலகை இல்லாத கடைத்தெரு அரிது. ஊர்க்காரர்கள் 'பல் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி முத்துசாமி சாலையில், வடசென்னையின் வாசலிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. இவ்வளவு இருந்தும் காசிமேட்டிலோ கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ நாற்பது வயதுக்குள் இரண்டு மூன்று கடைவாய்ப் பற்களை இழந்த ஒருவரைப் பார்த்தால் யாரும் வியப்பதில்லை.

மருத்துவர் உண்டு, மருத்துவமனை உண்டு, அட்டையும் உண்டு. பிறகு ஏன் பல் போகிறது? 'மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை' என்பதே முகாம் மேடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருந்தாலும் அது பழியை நோயாளியின் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பல் சொத்தை எப்படி முற்றுகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் சிகிச்சைக்கு எத்தனை தடவை நாற்காலியில் உட்கார வேண்டும், அத்தனை தடவை வர யாரால் முடியும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது.

சொத்தை முற்றும் விதம்

வாயில் உள்ள நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டைக் கரைக்கத் தொடங்குவதே சொத்தையின் ஆரம்பம். அதன் பிறகு அது போகும் வழி ஏறக்குறைய எல்லா வாயிலும் ஒன்றுதான்.

1. மேலோடான எனாமல் மட்டும் பாதிக்கப்படும் கட்டம். சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தடமோ பழுப்புப் புள்ளியோ தெரியும், வலி இருக்காது. ஃப்ளூரைடு கலந்த பற்பசையும் உணவுக் கட்டுப்பாடும் பல சமயங்களில் இதை நிறுத்திவிடும்.

2. எனாமலைத் துளைத்து அடுத்த அடுக்கான டென்டினை எட்டும் கட்டம். இனிப்போ குளிர்ந்த தண்ணீரோ பட்டால் பல் கூசும். சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். பெரும்பாலும் ஒரே தடவையில், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

3. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ்ப்பகுதி பாதிக்கப்படும் கட்டம். ராத்திரி படுத்தால் விண் விண் என்று தெறிக்கும் வலி இதுதான். இங்கே சாதாரண அடைப்பு உதவாது. கூழை எடுத்து, வேரின் உட்குழாய்களைச் சுத்தம் செய்து நிரப்பும் ரூட் கேனல் சிகிச்சை வேண்டும். வழக்கமான முறையில் இதற்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும். அப்படிச் செய்த பல் உடையாமலிருக்க மேலே 'கேப்' போட வேண்டும். அளவெடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள்.

4. கூழ் செத்துப்போய், வேரின் நுனியில் சீழ் கட்டும் கட்டம். நரம்பு இறந்துவிடுவதால் வலி சில வாரங்களுக்கு நின்றுபோவதும் உண்டு. 'மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது' என்று பலர் நம்புவது இந்த இடைவெளியில்தான். பிறகொரு நாள் கன்னம் வீங்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்குள்ளும் பரவினால் மூச்சுவழியே அடைபடும். அது உயிருக்கே ஆபத்தான அவசர நிலை.

இந்த நான்கு கட்டங்களில் எதில் வந்தாலும் ஒரே தடவையில் முடியக்கூடிய சிகிச்சை ஒன்று உண்டு. அது பல்லைப் பிடுங்குவது.

ஐந்து நாள் கணக்கு

அதிகாலை இருட்டிலேயே காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் தொடங்கிவிடும். அங்கே கூடை பிடித்து, தலைச்சுமையாகவோ ஆட்டோவிலோ கொண்டுபோய்த் தெருவில் விற்கும் பெண்ணுக்கு வியாபாரம் முழுவதும் மதியத்துக்குள். அதற்குமேல் மீன் நிற்காது, ஐஸ் செலவுதான் ஏறும். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு கொடுப்பதும் அதே காலை நேரத்தில்தான். தூய்மைப் பணியாளரின் வேலை விடியும்போதே தொடங்குகிறது. வியாசர்பாடியிலிருந்து அண்ணா நகருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களை அந்த வீடுகள் எதிர்பார்ப்பதும் காலையில்தான். கன்டெய்னர் லாரி ஓட்டுநரோ துறைமுகத்தை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கிறார். வண்டியை விட்டு இறங்கினால் வரிசை போய்விடும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனைக்குப் போவது என்றால் அன்றைய வருமானத்தை விடுவது என்று பொருள்.

ஒருவருக்கு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்ட பல்லைக் காப்பாற்ற ஐந்து நாள் போய்வருவதில் இழப்பு 4,000 ரூபாய். சிகிச்சைக்குக் கட்டணமே வாங்காவிட்டாலும் இந்தத் தொகை போகத்தான் போகிறது. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம் என்பதால் பேருந்துச் செலவு குறைந்தது. கூலி இழப்பு அப்படியே நிற்கிறது. தனியார் கிளினிக்கில் சாயங்காலம் போகலாம். அங்கே ரூட் கேனலும் கேப்பும் சில ஆயிரங்கள் ஆகும். ஆக இலவசமாகக் காப்பாற்றினாலும் பணம் கொடுத்துக் காப்பாற்றினாலும் கையை விட்டுப் போவது ஏறக்குறைய ஒரே அளவு. பிடுங்கினால் ஒரு நாள் கூலியோடு கதை முடிகிறது.

புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"இந்தப் பல்லக் காப்பாத்தலாம்மா. நாலஞ்சு தடவ வரணும்."

"அவ்ளோ வாட்டி வர முடியாது சார். புடுங்கிடுங்க."

பதில் சொன்னவர் எதையும் அறியாமல் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார். மருத்துவர் தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ரூட் கேனலைப் பாதியில் விட்டுவிட்டால் தற்காலிக அடைப்பு சில வாரங்களில் உதிர்ந்து, சுத்தம் செய்த குழாய்க்குள் மறுபடியும் கிருமி புகுந்து, பல் முன்னைவிட மோசமாகிவிடும். திரும்பி வருவாரா என்று உறுதியில்லாத நோயாளிக்குப் பல்லைத் திறந்துவைப்பதைவிட எடுத்துவிடுவது பாதுகாப்பு என்று மருத்துவர் நினைப்பதில் தவறு காண்பது கடினம். இருவர் செய்வதும் நியாயமாகவே இருக்க, முடிவில் ஒரு நல்ல பல் தட்டில் கிடக்கிறது.

இது ஒரு பல்லோடு நிற்பதில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போனால் அதற்கு எதிரே உள்ள மேல்பல் சிறிது சிறிதாக இறங்கும். பக்கத்துப் பல் இடைவெளியை நோக்கிச் சாயும். அந்தச் சந்தில் உணவு சிக்கி அடுத்த சொத்தை உருவாகும். நான்கைந்து பற்கள் போனபின் வேர்க்கடலையும் கீரைத்தண்டும் பச்சைக் காய்கறியும் தட்டிலிருந்து விலகி, சோறும் குழம்பில் ஊறிய இட்லியும் மிஞ்சுகின்றன. சர்க்கரை நோயாளிக்கு எது கூடாதோ அதையே உண்ணும்படி அவரது வாய் அவரைத் தள்ளுகிறது.

காப்பீட்டு அட்டை பல்லுக்கு ஏன் செல்வதில்லை?

அதிகக் குழப்பம் இருப்பது இந்த இடத்தில்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் இத்தகைய காப்பீடுகள் அனைத்தும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் பெரிய சிகிச்சைகளை மையமாக வைத்துக் கட்டப்பட்டவை. விபத்தில் தாடை எலும்பு முறிந்தாலோ வாய்ப்புற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ அட்டை துணைக்கு வரும். சொத்தையை அடைப்பது, ரூட் கேனல், கேப், பல் செட் ஆகியவை நோயாளி நடந்து வந்து நடந்து போகும் சிகிச்சைகள் என்பதால் வெளியே நின்றுவிடுகின்றன. தனியார் நிறுவனங்கள் விற்கும் வழக்கமான மருத்துவக் காப்பீடுகளிலும் விபத்தால் வந்ததல்லாத பல் சிகிச்சை பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். சின்னதாக இருக்கும்போது உதவாமல், பெரிதானபின் உதவுவதற்கு முன்வரும் ஏற்பாடு இது.

வாய் எப்படி உடம்பிலிருந்து பிரிந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்லூரியிலிருந்து தனியாகவே தொடங்கப்பட்டது. பல்லுக்கு வேறு படிப்பு, வேறு பட்டம், வேறு மன்றம் என்ற ஏற்பாடு அங்கிருந்து உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் பல் மருத்துவர்களுக்கென்று 1948இல் தனிச் சட்டம் வந்தது. படிப்பு பிரிந்ததில் தவறில்லை. பொதுச் சுகாதாரத் திட்டங்களை வகுத்தவர்கள் பல்லை வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டதுதான் பிரச்சினை. தேசிய வாய் நலத் திட்டம் 2014-15இல்தான் வந்தது என்பதிலிருந்தே வரிசையில் பல் எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ளலாம்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. இந்த விஷயத்தில் வேறுபட்டது. அதில் புறநோயாளி சிகிச்சையும் அடங்கும், அயனாவரத்தில் அதன் மருத்துவமனையும் இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர், தன் ஊதியத்தில் 0.75 சதவீதம் கட்டினால் போதும், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால்தானே கட்ட முடியும்? மணலியிலும் எண்ணூரிலும் மேஸ்திரி மூலம் அன்றன்றைக்கு எடுக்கப்படும் ஆளுக்கும், சுமை தூக்குபவருக்கும், படகில் பங்குக்குப் போகும் மீனவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. பெரம்பூரில் ஒரே தெருவில் ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு ரயில்வே மருத்துவமனையில் உரிமை இருக்கிறது. எதிர்வீட்டுப் பெயின்டருக்கு எதுவும் இல்லை. இருவருடைய வருமானத்திலும் பெரிய வேறுபாடு இல்லாமல்கூட இருக்கலாம். வேலையின் வகைதான் வாயின் கதியைத் தீர்மானிக்கிறது.

நாற்காலிகள் எங்கே இருக்கின்றன?

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். மருத்துவர் எண்ணிக்கை பற்றாக்குறை என்று இன்று சொல்வதற்கில்லை. வேலை தேடி அலையும் பல் மருத்துவப் பட்டதாரிகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். எனவே கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது அன்று, இருப்பிடத்தைப் பற்றியது.

பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவர்கள் பயில நோயாளிகள் வேண்டும். அதனால் சுற்றுவட்டாரத்தில் முகாம் நடத்துவதும், வேன் வைத்து அழைத்துவருவதும், மிகக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருவதும் அவற்றின் வழக்கம். சென்னையைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகளின் இருப்பிடங்களைப் பார்த்தால் போரூர், வேலப்பன்சாவடி, பள்ளிக்கரணை, உத்தண்டி, தாழம்பூர் என்று மேற்கிலும் தெற்கிலுமே வரிசை நீள்கிறது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருப்பவருக்கு அந்த வேன் வருவதில்லை.

'எங்கே தேவை அதிகமோ அங்கே மருத்துவம் குறைவாகவே கிடைக்கிறது' என்ற கருத்தை 1971இல் தலைகீழ் விதி என்று பெயரிட்டு எழுதியவர் ஜூலியன் டூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்த மருத்துவர் அவர். சந்தைக்கு எவ்வளவு இடம் விடப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த விதி கடுமையாக வேலை செய்யும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். பல் மருத்துவம் ஏறக்குறைய முழுவதும் சந்தையின் கையில் இருப்பதால், அந்த விதியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பல்லைப் பார்த்தால் போதும்.

அரசுத் தரப்பில் நடந்த நல்ல மாற்றம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் நகரங்களுக்கு 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூனில் 500 மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்ற அவற்றின் நேரம், வேலைக்குப் போகிறவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட நேரம். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்பது அங்குள்ள அமைப்பு. சாயங்கால நேரமும் தெருமுனை தூரமும் ஒன்றாகக் கிடைத்த அந்த இடத்தில் பல் நாற்காலிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

மெடிக்கலில் கிடைக்கும் 'ஒரு செட்'

நாற்காலி தூரத்தில் இருந்தாலும் மருந்துக் கடை பக்கத்தில் இருக்கிறது. 'பல் வலிக்கு ஒரு செட் குடுங்க' என்று கேட்டால், காகித உறையில் மூன்று நான்கு மாத்திரைகள் வரும்: ஒரு வலி நிவாரணி, ஓர் ஆன்டிபயாடிக், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, சில கடைகளில் வீக்கத்துக்கும் ஒன்று. இரண்டு வேளைக்குள் வலி அடங்கிவிடும். இன்னொரு செட் வாங்க வேண்டிய தேவை அடுத்த மாதம் வரும்.

இதிலுள்ள சிக்கல் மருந்தின் தரத்தைப் பற்றியதே அன்று. கூழ்ப்பகுதியின் அழற்சியை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது. கூழ் செத்துவிட்டால் அதற்குள் ரத்த ஓட்டமே இருக்காது என்பதால் மருந்து அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. இரண்டு வேளை போட்டு நிறுத்துவதால் கிருமிகள் மருந்துக்குப் பழகுகின்றன. வலி நிவாரணியை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும், ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். ஆயினும் ஐந்து நாள் கணக்கின் முன்னால் இந்த உறை மிக மலிவு, அதுவும் இரவு பத்து மணிக்குக்கூடக் கிடைக்கும். ஈறில் கிராம்புத் தைலம் தடவுவதும் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றால் கெடுதல் குறைவு, ஆனால் தாமதம் அதே அளவு.

வலியை மரத்துப்போக வைக்கப் புகையிலையை அந்தப் பல்லின் ஓரத்தில் அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. அது அடுத்த விஷயத்துக்கு நேராக இட்டுச்செல்கிறது.

மாவாவும் வாய்ப்புற்றும்

சீவிய பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கசக்கிய மாவாவுக்கு வடசென்னையில் அறிமுகம் தேவையில்லை. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013இல் தடை செய்யப்பட்டபோதும் பொட்டலம் கைமாறுவது நிற்கவில்லை. இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டிய ஓட்டுநரும், பசியைத் தள்ளிப்போட வேண்டிய சுமைதூக்கும் தொழிலாளியும் இதை நாடுவதற்கு அவர்களுடைய வேலையே காரணம் சொல்லும். 2016-17இல் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் 21.4 சதவீதத்தினர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துகின்றனர்.

புகையிலை மட்டுமே புற்றை உண்டாக்கும், பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தொடர்ந்து பாக்கு மெல்லுபவரின் கன்னத்து உட்சதை நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்ப்பது இதற்கான எளிய சோதனை. காரம் பட்டால் எரிகிறது, வாய் முழுசாகத் திறக்கவில்லை, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிகிறது என்ற நான்கில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றுதான். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களின் வாயைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துவந்த பகுதிகளில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் வெளியான முடிவு சொன்னது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல் மருத்துவரிடம் போகிறவருக்கு இந்தச் சோதனை கேட்காமலேயே நடந்துவிடுகிறது. வலி பொறுக்காமல் பத்து வருடத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு அது நடப்பதில்லை. பல் மருத்துவம் எட்டாததன் மிகப் பெரிய விலை பல்லில் இல்லை, இங்கே இருக்கிறது.

ஆறு வயதுப் பல்

குழந்தைகள் விஷயத்தில் உண்மையாகவே தகவல் குறைபாடு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமல் இது வருவதால், 'விழுந்து முளைக்கும்' என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் முளைக்காது. வாழ்நாள் முழுவதும் மெல்லும் வேலையில் பெரும்பங்கு சுமக்கப்போகும் பல் பலருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. 2002-03இல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பிலேயே 12 வயதுச் சிறாரில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது.

பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுக்கள் மற்ற குறைகளோடு பல் சொத்தையையும் பார்த்துக் குறித்துக்கொள்கின்றன. பார்த்த இடத்திலேயே சிகிச்சை இல்லை. கையில் பரிந்துரைச் சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டும் என்பதால் பெரும்பாலும் அது புத்தகப் பையோடு நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்று இருக்கிறது. சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவத்தைச் சிறு தூரிகையால் சொத்தையின்மேல் தடவினால், துளை போடாமல், ஊசி போடாமல், ஒரு சில நிமிடங்களில் சொத்தை முற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்தலாம். ஃப்ளூரைடு பற்பசை, கண்ணாடி அயனோமர் அடைப்புப் பொருள் ஆகியவற்றுடன் இதையும் 2021இல் உலக சுகாதார அமைப்பு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுப்பாகிவிடும் என்பது இதன் குறை. பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். விழப்போகும் பால் பல்லில் கறுப்பு இருப்பது பெரிய விஷயமில்லை என்பதே என் கருத்து. பள்ளி வகுப்பறை நாற்காலியிலேயே செய்யக்கூடியது என்பதால் ஐந்து நாள் கணக்கு இங்கே பூஜ்ஜியமாகிறது.

ஃப்ளூரைடு என்றதும் தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரியின் கறைபடிந்த பற்களே நினைவுக்கு வரும். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அளவுக்கு மிஞ்சியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. சென்னையில் நிலைமை வேறு. கேன் தண்ணீரிலும், மீஞ்சூரில் கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீரிலும் ஃப்ளூரைடு மிகக் குறைவு என்பதால், பற்பசை மூலம் கிடைப்பதே முக்கியமாகிறது. அந்தப் பற்பசைக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. பிறகுதான் 5 சதவீதமானது. செங்கல் தூளும் சாம்பலும் வரியில்லாமல் கிடைக்கும், ஆனால் அவை எனாமலைத் தேய்த்துவிடும்.

மலிவான கிளினிக் பற்றிய அச்சம்

வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளையைத் தாக்கும் பாக்டீரியா தொற்று ஏற்பட்டு எட்டுப் பேர் 2023இல் இறந்ததாக 2025 மே மாதம் வெளிவந்த செய்தி, இயல்பாகவே பலரைப் பயமுறுத்தியது. வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலைத் திறந்த நிலையில் மறுபடி மறுபடி பயன்படுத்தியதோடு அந்தத் தொற்று தொடர்புபடுத்தப்பட்டது. இதிலிருந்து 'பல் சிகிச்சையே ஆபத்து' என்று எடுத்துக்கொள்வது தவறு. கருவிகளை ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி அழுத்தக் கலத்தில் வைத்துச் சுத்திகரித்து, உறை பிரிக்கப்படாமல் நோயாளி முன்னால் எடுப்பதும், கையுறையை ஆளுக்கு ஆள் மாற்றுவதும் எந்தக் கிளினிக்கிலும் எதிர்பார்க்க வேண்டிய அடிப்படை. நடைபாதையில் உட்கார்ந்து பல் கட்டித் தருபவரிடம் இதை எதிர்பார்க்க இயலாது. அவரிடம் போவதற்கான காரணமும் மேலே சொன்ன கணக்கில்தான் இருக்கிறது.

கணக்கை மாற்றக்கூடியவை

வடசென்னையின் உடல்நலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் சாம்பல், புகை, எண்ணெய் என்றே போகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் ஒரே மாதத்தில் எண்ணெய்க் கசிவும் அமோனியாக் கசிவும் நடந்தபின் அப்படிப் பேசாமல் இருக்கவும் முடியாது. பல் அழுகுவதற்குப் புகையும் இல்லை, சைரனும் இல்லை. முகாம் நடத்திப் பற்பசை கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுகிறது. நாள் இழப்பைக் குறைக்காத எந்த ஏற்பாடும் பிடுங்கும் எண்ணிக்கையைக் குறைக்காது என்பதால், செய்யக்கூடியவற்றை அந்த ஓர் அளவுகோலில் வைத்தே பார்க்க வேண்டும்.

1. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களிலும் மண்டலத்துக்கு ஒன்றிரண்டு நலவாழ்வு மையங்களிலாவது மாலை 4 முதல் 8 வரை இயங்கும் பல் நாற்காலி. கட்டடமும் நேரமும் ஏற்கெனவே இருக்கின்றன.

2. மோட்டாரால் சுழலும் கருவிகளைக் கொண்டு பல ரூட் கேனல்களை ஒரே அமர்வில் முடிக்க முடியும். தனியார் கிளினிக்குகளில் இது சாதாரணமாகிவிட்டது. சீழ் வடியும் பற்களுக்கு எப்போதும் பொருந்தாது. பொருந்தும் பற்களுக்கு ஐந்து நாளை மூன்றாக்கும்.

3. அடுத்த வருகைக்கு நேரம் குறித்த டோக்கன். மறுபடி சீட்டு வரிசையில் நிற்க வேண்டாம் என்றாலே அரை நாள் மிச்சம்.

4. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகிறார்கள். ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாம். கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும் என்பதால் இது பல்லுக்கு மட்டுமான வேலை ஆகாது.

5. காசிமேட்டுக்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் கடலுக்குப் போனால் பத்து நாள், பதினைந்து நாள் கரை திரும்பாத விசைப்படகுத் தொழிலாளர்கள், நடுக்கடலில் பல் வலி வந்தால் கிராம்பை அடக்கிக்கொண்டு வலை இழுப்பவர்கள், அந்த இரண்டு மாதமும் துறைமுகத்திலேயே வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். 61 நாளில் எட்டு வாரங்கள் அடங்கும். துறைமுகத்தை ஒட்டி ஒரு நடமாடும் பல் மருத்துவ வண்டியை நிறுத்தி வாரத்துக்கு ஒரு தடவை உட்கார வைத்தாலும், ஐந்து அமர்வு முடிந்து மூன்று வாரம் மீதி இருக்கும்.